புற்றுநோய்ச் சிகிச்சையில் வயதை எப்படி அளப்பது?

"கீமோதெரபி உடலுக்கு 15 வயதைக் கூட்டிவிடும்" என்று ஒரு செய்தி வருகிறது. "சிறிது இரத்தம் கொடுங்கள், உங்கள் உண்மையான வயதைச் சொல்கிறோம்" என்று ஒரு விளம்பரம் வருகிறது. வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்த குடும்பம் இவற்றைப் படித்துவிட்டுக் குழம்புவதில் வியப்பில்லை. இந்த வயதில் கீமோ தாங்குமா? தாங்குமா என்பதைச் சொல்லும் பரிசோதனை உண்டா? சிகிச்சை முடிந்தபின் பதினைந்து ஆண்டுகள் கைநழுவிப் போயிருக்குமா?

முதுமையை அளக்கும் குறிகாட்டிகள் பல உண்டு. ஆனால் விளம்பரத்தில் பெரிதாகப் பேசப்படுபவை வேறு, இன்று நோயாளியின் சிகிச்சையை உண்மையிலேயே மாற்றக்கூடியவை வேறு.

பிறந்த தேதியால் வரும் இரண்டு தவறுகள்

புற்றுநோய் பெரும்பாலும் முதுமையில் வரும் நோய். அமெரிக்காவில் புதிதாகக் கண்டறியப்படுபவற்றில் பாதிக்கு மேல் 65 வயதை எட்டியவர்களிடம்தான். ஆனால் மருந்தின் அளவைத் தீர்மானித்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் அவர்களைவிட இளையவர்கள், சிறுநீரகமும் இதயமும் நன்றாக இருந்தவர்கள். அந்த அளவை அப்படியே எழுபத்தைந்து வயதுக்காரருக்குக் கொடுக்கலாமா என்று மருத்துவர் யோசிக்கும்போது, கையில் இருக்கும் முதல் தகவல் பிறந்த தேதி. அதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் இரண்டு விதமாகத் தவறு நேரும்.

1. கொடுக்க வேண்டிய சிகிச்சையைக் கொடுக்காமல் விடுவது. "வயதாகிவிட்டது, இனி எதற்குப் படுத்த வேண்டும்" என்ற பேச்சு வீட்டிலும் எழும், சில நேரம் மருத்துவமனையிலும் எழும்.

2. தாங்க முடியாதவருக்கு முழு அளவைக் கொடுத்துவிடுவது. அறுபத்தாறு வயதுதான் என்று தொடங்கி, இரண்டாவது சுற்றிலேயே தீவிரச் சிகிச்சைப் பிரிவில் சேர்க்கும்படி ஆகிவிடுவது.

முதல் தவறு எவ்வளவு கொடியது என்பதற்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் ஒரு சான்று. பி செல் லிம்போமாக்களில் வேகமாகப் பரவும் ஒரு வகை உண்டு. ஆர்-சாப் என்ற கூட்டு மருந்தால் அதில் பலர் முழுமையாகக் குணமடைகிறார்கள். எண்பதைத் தாண்டியவர்களுக்கு இது சரிவராது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. கீமோ மருந்துகளின் அளவைக் குறைத்து, ஆர்-மினி-சாப் என்ற பெயரில், 80 வயதைக் கடந்த 149 பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011-இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் 59 சதவீதத்தினர் உயிரோடு இருந்தார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் சில மாதங்களில் ஆளைக் கொல்லும் நோய் இது. வயதை மட்டும் பார்த்துக் கையை விரித்திருந்தால் இவர்களில் பெரும்பாலோர் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆக, ஒரே வயதுள்ள இருவரில் யாருடைய உடல் தாங்கும், யாருடையது தாங்காது என்று பிரித்துச் சொல்ல ஏதாவது வேண்டும். அதற்காகத் தேடப்படுபவைதான் முதுமையின் பயோமார்க்கர்கள், அதாவது உயிரியல் குறிகாட்டிகள். பி.எஸ்.ஏ., சி.ஏ.-125, சி.இ.ஏ. போன்ற பெயர்களை இரத்தப் பரிசோதனை அறிக்கையில் பார்த்திருப்பீர்கள். அவை புற்றுநோய்க் கட்டியைப் பற்றிய தகவலைத் தருபவை. முதுமைக் குறிகாட்டிகளோ கட்டியைச் சுமக்கும் உடலைப் பற்றியவை.

செல்லுக்குள் முதுமை

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள விஸ்டார் ஆய்வு நிலையத்தில் லியோனார்ட் ஹேப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் 1961-இல் ஒன்றைக் காட்டினார்கள். ஆய்வகத்தில் வளர்க்கப்படும் இயல்பான மனித செல் சுமார் ஐம்பது முறை பிரிந்தபின் நின்றுவிடுகிறது. சாவதில்லை, ஆனால் பிரிவதும் இல்லை. இப்படி ஓய்ந்துபோன செல்லை மூப்படைந்த செல் என்கிறோம்.

செல் நின்றுபோவதற்கு ஒரு காரணம் டெலோமியர். குரோமோசோமின் இரு முனைகளிலும் இருக்கும் இந்தக் காப்புப் பகுதி ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம் தேய்கிறது. இதைப் பற்றிய ஆய்வுக்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் மூவரும் 2009-இல் நோபல் பரிசு பெற்றார்கள். புற்றுநோய்களில் 85 முதல் 90 சதவீதம் வரையானவற்றின் செல்கள், டெலோமியரைத் திரும்ப நீட்டிக்கொள்ளும் டெலோமரேஸ் நொதியை இயக்கிவிட்டு ஓயாமல் பிரிகின்றன. முதுமைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவின் ஒரு பக்கம் இது. செல் மூப்படைவது என்பதே புற்றுநோய்க்கு உடல் போட்டு வைத்திருக்கும் தடை. டி.என்.ஏ. சேதமடைந்த செல் பிரிந்துகொண்டே போனால் ஆபத்து என்பதால் உடல் அதை நிறுத்துகிறது.

மறுபக்கம்தான் சிக்கல். நின்றுபோன செல்கள் சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. இளமையில் நோய் எதிர்ப்பு செல்கள் இவற்றை அவ்வப்போது அகற்றிவிடும். வயதாக ஆக அகற்றும் வேகம் குறைந்து, அவை திசுக்களில் தேங்குகின்றன. சுற்றியுள்ள நல்ல செல்களும் கெடுகின்றன. கீமோதெரபியும் கதிர்வீச்சும் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தித்தான் புற்றுநோய் செல்லைக் கொல்கின்றன. அதே சேதம் நல்ல செல்களுக்கும் கொஞ்சம் நேர்கிறது. அவற்றில் ஒரு பகுதி சாகாமல் மூப்படைந்துவிடுகிறது. சிகிச்சையே உடலை மூப்படையச் செய்கிறது என்ற பேச்சின் உயிரியல் அடிப்படை இதுதான்.

அந்த "15 ஆண்டு" எங்கிருந்து வந்தது?

மூப்படைந்த செல்லை அடையாளம் காட்டும் புரதங்களில் முக்கியமானது பி16. செல் பிரிவதைத் தடுத்து நிறுத்துவது இதன் வேலை. இரத்தத்தில் உள்ள டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களில் இதன் அளவு வயதோடு சீராக ஏறுகிறது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நார்மன் ஷார்ப்லெஸ், ஹைமன் மஸ் ஆகியோர் இருந்த குழு இதைப் புற்றுநோயாளிகளிடம் அளந்தது. ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ பெற்ற 33 பெண்களிடம் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பார்த்தார்கள். பி16 உயர்ந்தது, ஓராண்டு கழித்தும் இறங்கவில்லை. சாதாரணமாக அந்த அளவு உயர ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆகும் என்று 2014-இல் வெளியான கட்டுரையில் கணக்கிட்டுச் சொன்னார்கள். டெலோமியர் நீளத்தில் அப்படிப்பட்ட மாற்றம் தெரியவில்லை. ஒரே உடலை இரண்டு குறிகாட்டிகள் இரண்டு விதமாகக் காட்டின என்பது செய்திகளில் விடுபட்டுப் போன விஷயம்.

இந்தக் கணக்கைப் படிக்கும் விதத்தில்தான் பெரும் அச்சம் பிறக்கிறது. எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1. டி செல்களில் உள்ள ஒரு புரதத்தின் ஏற்றத்தை ஆண்டுக்கணக்காக மாற்றிச் சொன்ன எண் அது. ஆயுளில் 15 ஆண்டுகள் குறையும் என்பது அதன் பொருள் அல்ல. இதயமும் மூளையும் எலும்பும் அதே அளவு மூப்படைந்தன என்பதும் அல்ல.

2. எல்லாக் கீமோவும் ஒன்றல்ல. ஆந்த்ராசைக்ளின் வகை மருந்துகள் அடங்கிய கூட்டில் பி16 மிகுதியாக ஏறுகிறது, டோசிடாக்செல்-சைக்ளோபாஸ்பமைடு கூட்டில் அதைவிடக் குறைவாக ஏறுகிறது என்று அதே பல்கலைக்கழகக் குழுவினர் பின்னர் காட்டினார்கள். ஒரே பலன் தரும் இரண்டு மருந்துக் கூட்டுகளில் எதைத் தேர்வது என்று முடிவு செய்ய இத்தகைய அளவு எதிர்காலத்தில் உதவக்கூடும்.

3. மார்பகப் புற்றுநோய் திரும்பி வராமல் தடுக்கக் கீமோ தேவைப்படும் பெண்ணுக்கு, அதைத் தவிர்ப்பதால் வரும் ஆபத்து இந்த ஏற்றத்தைவிடப் பெரியது. செய்தித் தலைப்பைப் பார்த்துச் சிகிச்சையை நிறுத்துவதைப் போன்ற விபரீதம் வேறில்லை.

பி16 என்ற பெயரால் இன்னொரு குழப்பமும் வரும். டான்சில், அடிநாக்கு போன்ற இடங்களில் வரும் தொண்டைப் புற்றுநோயின் திசுப் பரிசோதனை அறிக்கையில் "பி16 பாசிட்டிவ்" என்று இருக்கலாம். கருப்பை வாய்ப் பரிசோதனையிலும் இருக்கலாம். அங்கே அது முதுமையைக் குறிப்பதில்லை. எச்.பி.வி. வைரஸின் ஒரு புரதம் செல்லின் காவல் புரதமான ஆர்.பி.யை முடக்கிவிடுவதால், கட்டிக்குள் பி16 பெருகுகிறது. ஆகவே அது வைரஸின் அடையாளம். தொண்டைப் புற்றுநோயில் பி16 பாசிட்டிவ் என்றால் சிகிச்சைக்கு நன்றாக இணங்கும் வகை என்று பொருள். கட்டியில் பார்க்கப்படும் பி16 ஒரு கதை, இரத்த டி செல்லில் பார்க்கப்படும் பி16 வேறொரு கதை. முன்னது இன்று அன்றாட நடைமுறை. பின்னது ஆய்வகத்தோடு நிற்கிறது.

மீத்தைல் கடிகாரங்கள்

விளம்பரங்களில் "உயிரியல் வயது" என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இவைதான். டி.என்.ஏ.வின் சில இடங்களில் மீத்தைல் என்ற சிறு வேதிக்குழு ஒட்டிக்கொள்கிறது. எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதை அது கட்டுப்படுத்துகிறது. வயதாக ஆக இந்த ஒட்டல்கள் ஓர் ஒழுங்கோடு மாறுகின்றன. ஸ்டீவ் ஹோர்வாத் 2013-இல் 353 இடங்களைப் பார்த்து வயதைக் கணிக்கும் முறையை வெளியிட்டார். பிறகு வந்த பீனோஏஜ், கிரிம்ஏஜ் ஆகியவை நோய், மரணம் ஆகியவற்றோடு இன்னும் நெருக்கமாகப் பொருந்தும்படி உருவாக்கப்பட்டன. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்களிடம் இந்தக் கடிகாரம் வேகமாக ஓடுவதையும், அப்படி ஓடியவர்களிடம் களைப்பும் அழற்சியும் அதிகம் இருந்ததையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஆயிரம் பேரின் சராசரியைப் பார்க்கும் ஆய்வாளருக்கு இவை அருமையான கருவிகள். தனி ஒருவரின் சிகிச்சையைத் தீர்மானிக்க இன்னும் தகுதி பெறவில்லை. முதல் காரணம், அளவீட்டின் ஆட்டம். ஒரே மாதிரியை இரண்டு முறை சோதித்தால் விடை 3 முதல் 9 ஆண்டுகள் வரை வேறுபடலாம் என்று, பெயர்பெற்ற ஆறு கடிகாரங்களை ஆராய்ந்த 2022-ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. ஆட்டத்தைக் குறைக்கும் கணக்கு முறையையும் அதே கட்டுரை தந்தது. ஆனால் கடையில் வாங்கும் பரிசோதனையில் எந்த முறை இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. இரண்டாவது காரணம் புற்றுநோயாளிக்கே உரியது. இந்தக் கடிகாரங்கள் பார்ப்பது வெள்ளையணுக்களின் டி.என்.ஏ.வை. கீமோ வெள்ளையணுக்களின் எண்ணிக்கையையும் கலவையையும் தலைகீழாக மாற்றுகிறது. கூடவே கொடுக்கப்படும் ஸ்டீராய்டும் மாற்றுகிறது. சிகிச்சையின் நடுவில் எடுத்த இரத்தத்தில் கூடிவிட்டதாகத் தெரியும் வயதில், உண்மையான மூப்பு எவ்வளவு, அணுக்களின் கலவை மாறியதால் வந்தது எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

இரத்தத்தில் தெரியும் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சி.ஆர்.பி., இன்டர்லூகின்-6 ஆகியவை வயதோடு ஏறும் அழற்சியைக் காட்டுபவை. ஆனால் புற்றுநோயும் தொற்றும்கூட அவற்றை ஏற்றும் என்பதால் தனித்து நம்ப முடியாது. எலும்பு மஜ்ஜையில் ஒரு தாய் செல்லின் வாரிசுகள் மட்டும் பெருகும் நிலை எழுபது வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் காணப்படுகிறது. கீமோவுக்குப் பின் அரிதாக வரும் இரண்டாவது இரத்தப் புற்றுநோயோடு இதற்குத் தொடர்பு உண்டு என்பதால் ஆய்வாளர்கள் இதைக் கூர்ந்து கவனிக்கிறார்கள்.

இன்றே பயன்படும் அளவுகள்

நவீன ஆய்வகம் தேவைப்படாத சில அளவுகள் பழக்கமானவை என்பதாலேயே பலரால் புறக்கணிக்கப்படுகின்றன. என் பார்வையில் இதுதான் இந்தத் துறையின் பெரிய இழப்பு.

சிறுநீரகத்தை எடுத்துக்கொள்வோம். 78 வயது, 42 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் 1.0 என்று வருகிறது. ஆய்வக அறிக்கையில் அந்த எண்ணுக்கு எதிரே எந்த எச்சரிக்கையும் இருக்காது. ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்த உடலில் சிறுநீரகம் பழுதானாலும் அது அவ்வளவாக ஏறாமல் இருக்கலாம். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிடும் காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போட்டால்:

(140 − 78) × 42 ÷ (72 × 1.0) × 0.85 = சுமார் 31.

சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 31 மில்லிலிட்டர் அளவுக்கே இரத்தத்தைச் சுத்திகரிக்கிறது என்பது இதன் பொருள் (0.85 என்பது பெண்களுக்கு மட்டும் உரிய பெருக்கல் எண்). இதே 1.0 கிரியேட்டினின் உள்ள 40 வயது, 70 கிலோ ஆணுக்கு விடை 97. கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரையை இந்த எண் 30-க்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது, 30 முதல் 50 வரை இருந்தால் அளவை முக்கால் பங்காக்க வேண்டும். அறிக்கையில் "நார்மல்" என்றிருந்த பெண், முழு அளவு தந்தால் வயிற்றுப்போக்கிலும் தொற்றிலும் விழும் இடத்தில் நிற்கிறார். இதைக் கண்டுபிடிக்க ஆகும் செலவு ஒரு கால்குலேட்டர்.

அடுத்தது தசை. நோயின் பரவலைப் பார்க்க எடுத்த அதே சி.டி. ஸ்கேனில், இடுப்புப் பகுதியின் மூன்றாவது முள்ளெலும்பு மட்டத்தில் தசையின் பரப்பை அளக்கலாம். தசை குறைந்தவர்களுக்குக் கீமோவின் பக்கவிளைவு கூடுகிறது. பார்ப்பதற்குப் பருமனாக இருப்பவரிடமும் தசை கரைந்திருக்கலாம். எடைக்கருவி அதைக் காட்டாது.

நடை இன்னும் எளியது. நான்கு மீட்டர் தூரத்தை வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லி நேரம் பார்ப்பார்கள். ஐந்து விநாடிக்கு மேல் ஆனால், அதாவது வேகம் விநாடிக்கு 0.8 மீட்டருக்குக் குறைந்தால், கவனிக்க வேண்டும். பாஸ்டனில் இரத்தப் புற்றுநோய் உள்ள, 75 வயதை எட்டிய 448 பேரிடம் இப்படி அளந்தார்கள். வேகம் 0.1 மீட்டர் குறையும் ஒவ்வொரு படிக்கும் இறப்பு அபாயம் 22 சதவீதம் கூடியது. இதயம், நுரையீரல், நரம்பு, மூட்டு, தசை, கண் அத்தனையும் சேர்ந்து இயங்கினால்தான் நடை. அதனால்தான் இது எந்த ஒற்றைப் புரதத்தையும்விட அதிகம் சொல்கிறது.

கலிபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மையத்தில் பணியாற்றிய ஆர்த்தி ஹூரியா தலைமையிலான குழு, இவற்றைப் போன்ற பதினொரு தகவல்களைச் சேர்த்து 2011-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. ஹீமோகுளோபின், சிறுநீரகத் திறன், கீமோ மருந்துகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு காது கேட்கிறதா, கடந்த ஆறு மாதங்களில் விழுந்தாரா, மாத்திரைகளைத் தானே எடுத்துக்கொள்கிறாரா, சிறிது தூரம் நடக்க முடிகிறதா, உடல்நிலையால் பிறரோடு பழகுவது குறைந்திருக்கிறதா என்ற கேள்விகளும் அதில் உண்டு. 65 வயதை எட்டிய 500 பேரிடம் கடுமையான பக்கவிளைவு குறைந்த மதிப்பெண்காரர்களில் 30 சதவீதத்தினருக்கும், நடுத்தரத்தில் 52 சதவீதத்தினருக்கும், அதிகத்தில் 83 சதவீதத்தினருக்கும் வந்தது. மருத்துவர் ஆளைப் பார்த்து வழக்கமாகப் போடும் பொதுநிலை மதிப்பெண்ணால் இப்படிப் பிரிக்க முடியவில்லை.

அளந்தபின் என்ன மாறுகிறது?

அளப்பது மட்டும் போதாது. அளந்ததால் நோயாளிக்கு நன்மை வந்ததா என்பதே கேள்வி. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் சுப்ரியா மோஹிலே தலைமையில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், குணப்படுத்த முடியாத புற்றுநோய் உள்ள, 70 வயதை எட்டிய 718 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவில், நடை, நினைவாற்றல், அன்றாடச் செயல்கள், எடுக்கும் மருந்துகள் போன்றவற்றை ஒட்டுமொத்தமாகப் பார்க்கும் முதியோர் மதிப்பீட்டின் முடிவும் அதற்கேற்ற ஆலோசனையும் மருத்துவரிடம் தரப்பட்டன. மறு பிரிவில் தரப்படவில்லை. மூன்று மாதங்களுக்குள் கடுமையான பக்கவிளைவு முதல் பிரிவில் 51 சதவீதம், மறு பிரிவில் 71 சதவீதம். விழுந்தவர்களும் முதல் பிரிவில் குறைவு. மருத்துவர்கள் தொடக்க அளவைக் குறைத்தபோதும் ஆறு மாத உயிர்வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முதுமைக்கான எந்த இரத்தக் கடிகாரமும் இதுவரை இப்படிப்பட்ட சான்றைத் தந்ததில்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல், 65 வயதை எட்டிக் கீமோ பெறுபவர்களுக்கு இந்த மதிப்பீட்டைப் பரிந்துரைப்பதற்கு இத்தகைய சான்றுகளே காரணம்.

முதுமைக் குறிகாட்டிகள் முதியவர்களுக்கு மட்டும் உரியவையும் அல்ல. குழந்தைப் பருவத்தில் புற்றுநோயிலிருந்து மீண்ட சுமார் 1,900 பேரை மெம்பிஸில் உள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டது. சராசரி வயது 33தான். பெண்களில் 13 சதவீதத்தினரிடமும் ஆண்களில் கிட்டத்தட்ட 3 சதவீதத்தினரிடமும், அறுபத்தைந்தைத் தாண்டியவர்களிடம் எதிர்பார்க்கும் தளர்ச்சி காணப்பட்டது. பிள்ளையின் நோய் குணமானது என்று மகிழும் பெற்றோரிடம் இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக அல்ல. அந்தப் பிள்ளைக்கு முப்பது வயதிலேயே இதயப் பரிசோதனையும் உடற்பயிற்சியும் எலும்புச் சோதனையும் தேவைப்படலாம் என்பதால்.

குடும்பம் கேட்க வேண்டியவை

டாடா நினைவு மருத்துவமனை போன்ற சில மையங்களில் முதிய புற்றுநோயாளிகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத் துறையும், கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் உள்ளன. அப்படிப்பட்ட இடத்துக்குப் போக முடியாதவர்களும், சிகிச்சை தொடங்கும் முன் புற்றுநோய் மருத்துவரிடம் இவற்றைக் கேட்கலாம்.

1. கிரியேட்டினின் மட்டுமல்லாமல் சிறுநீரகத் திறனைக் கணக்கிட்டு மருந்தின் அளவைத் தீர்மானித்தீர்களா?

2. முதியோர் மதிப்பீடு செய்ய முடியுமா? குறைந்தபட்சம் பக்கவிளைவு மதிப்பெண்ணாவது போட முடியுமா?

3. ஏற்கெனவே எடுக்கும் சர்க்கரை, இரத்த அழுத்த, தூக்க மாத்திரைகளில் எதையாவது நிறுத்தலாமா? எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

4. குறைந்த அளவில் தொடங்கி, தாங்கினால் கூட்டும் வழி இந்த நோய்க்குப் பொருந்துமா? குணப்படுத்தும் நோக்கத்தோடு தரும் சிகிச்சையில் அளவைக் குறைத்தால் பலனும் குறையலாம் என்பதால் இதை வீட்டில் முடிவு செய்யக் கூடாது.

விழுந்ததை மறைக்காதீர்கள். "அப்பா நன்றாகத்தான் இருக்கிறார்" என்று பிள்ளைகள் முந்திக்கொண்டு சொல்லிவிடுவதால், போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தது மருத்துவரின் குறிப்பில் ஏறாமலே போகிறது. அந்த ஒரு தகவலுக்கு மேலே சொன்ன மதிப்பெண் முறையில் தனி மதிப்பெண் உண்டு. உயிரியல் வயதுப் பரிசோதனைக்குப் பணம் கட்ட நினைப்பவர்கள், அதே பணத்தை இயன்முறை சிகிச்சையாளரிடமும் உணவியல் நிபுணரிடமும் செலவிட்டால் சிகிச்சைக்கு முன்பே தசையைக் கொஞ்சம் மீட்க வாய்ப்பு உண்டு.